நகைக்குள் அடங்கும் வியப்பும் வீரமும்: ‘டாக்டர் ஸ்லம்ப்’ படக்கதைத் தொடரின் ஈர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

அகிரா தோரியாமா எழுதி வரைந்த ‘டாக்டர் ஸ்லம்ப்’ (1980–1984) நகைச்சுவை, அறிவியல் புனைவு, சாகசம் ஆகிய மூன்றும் கலந்த ஜப்பானியப் படக்கதைத் தொடராகும். அறிவியல் புனைவுக்கு உயிரான வியப்பையும் சாகசத்திற்கு உயிரான வீரத்தையும் இத்தொடர் நகையின் ஆட்சிக்கு உட்படுத்துகிறது என்பதும், அதன் ஈர்ப்புக்கு அதுவே அடிப்படை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். நகை, மருட்கை, பெருமிதம் ஆகிய தொல்காப்பிய மெய்ப்பாட்டு வகைமைகள் பகுப்பாய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மங்கா, அறிவியல் புனைவு, மெய்ப்பாடு, நகை, மடன், தோரியாமா

முன்னுரை

ஜப்பானில் மங்கா எனப்படும் படக்கதை, வார, மாத இதழ்களில் தொடராக வெளிவந்து பின்னர் நூல் தொகுதிகளாகத் தொகுக்கப்படும் இயல்புடையது. தோரியாமா (1955–2024) ஐச்சி மாநிலத்தவர். விளம்பர வடிவமைப்பு நிறுவனமொன்றில் சில காலம் பணியாற்றியபின் படக்கதைத் துறைக்கு வந்தவர். ‘வொண்டர் ஐலண்ட்’ என்னும் சிறுகதையின் வழி 1978இல் அறிமுகமான அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த முதல் தொடர் ‘டாக்டர் ஸ்லம்ப்’. ‘வாராந்திர ஷோனென் ஜம்ப்’ இதழில் 1980இன் தொடக்கத்திலிருந்து 1984 வரை வெளிவந்த இத்தொடரின் 236 அத்தியாயங்கள் 18 தொகுதிகளாயின. 1981ஆம் ஆண்டிற்கான ஷோகாகுகான் மங்கா விருது இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு தோயெய் நிறுவனம் இதனை அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடராக்கியது. 1986 வரை 243 பகுதிகள் ஒளிபரப்பாயின.

தோரியாமாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவருடைய அடுத்த தொடரான ‘டிராகன் பால்’ பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. ‘டாக்டர் ஸ்லம்ப்’ அதற்கான பயிற்சிக்களம் என்ற அளவில் சுட்டப்பட்டு விடப்படுவதும் உண்டு. வீரக்கதையை முதிர்ந்த வடிவமாகவும் நகைக்கதையை முதிராத வடிவமாகவும் கருதும் மனப்பாங்கே இதற்குக் காரணம் எனலாம். இம்மனப்பாங்கு இத்தொடரைப் பொறுத்தவரை பொருந்தாது என்பதைக் கதைக்கூறுகளின் வழியே காணலாம்.

மெய்ப்பாட்டியல் கூறும் எட்டனுள் மூன்று இங்கு நேரடியாகத் தொடர்புடையன. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பனவும், மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பனவும், பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பனவும் நிலைக்களன்களாகும். செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இவ்வகைமைகளைப் படக்கதையின் மீது அப்படியே ஏற்றிவிட இயலாது. எனினும், ஒரு சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்பதற்கு இவற்றைப் போல நுட்பமான பெயர்கள் எளிதில் கிடைப்பதில்லை.

பெங்குவின் கிராமம்

கதை நிகழுமிடம் பெங்குவின் கிராமம். அங்கே சென்பே நோரிமாகி என்னும் கண்டுபிடிப்பாளர் வாழ்கிறார். திறமைசாலி, ஆனால் அவர் செய்வது எதுவும் நினைத்தபடி நிறைவேறுவதில்லை. சறுக்கலைக் குறிக்கும் ‘ஸ்லம்ப்’ என்னும் ஆங்கிலச் சொல் அவருக்குப் பட்டப்பெயராகி, தொடருக்கும் தலைப்பாயிற்று. அவர் உருவாக்கும் எந்திரச் சிறுமிதான் அராலே. பார்ப்பதற்குப் பதின்மூன்று வயதுப் பெண். உலகத்தையே பிளக்கும் வலிமை உடையவள். ஆனால் கிட்டப்பார்வை கொண்டவள் என்பதால் மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கிறாள். எந்திரத்திற்குப் பார்வைக் குறை என்னும் இந்த ஒரு செய்தியிலேயே தொடரின் போக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. குறையைச் சரிசெய்ய வேண்டிய அறிவியலாளர், கண்ணாடி வாங்கிக் கொடுத்து முடித்துக்கொள்கிறார்.

கதைமாந்தர் பெயர்களும் நகைக்கு உரியன. நோரிமாகி சென்பே என்பது கடற்பாசித் தாள் சுற்றிய அரிசித் தட்டையைக் குறிக்கும். அராலே என்பது சிறு அரிசி நொறுக்குத் தீனியான ‘அராரே’யின் பெயர், ஜப்பானிய ஒலிப்பில் இரண்டும் ஒன்றே. ஒரு தமிழ்க் கதையில் அண்ணன் பெயர் முறுக்கு, தங்கை பெயர் சீடை என்று அமைந்து, அதை ஊரார் எவரும் விசித்திரமாகக் கருதாமல் இருந்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். அராலேயின் தோழி அகானேயின் குடும்பப் பெயரான கிமிதோரியும், ஆசிரியை யமாபுகி மிதோரியின் பெயரும் வண்ணங்களைச் சுட்டுவன. தோழன் தாரோவின் குடும்பப் பெயரான சோராமாமே ஓர் அவரை வகை. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்ந்துபோவது இப்பெயர்களின் சுவையே.

இக்கிராமத்தில் சூரியனுக்கும் நிலவுக்கும் முகம் உண்டு. விலங்குகள் ஆடையணிந்து மனிதர்களோடு உலவுகின்றன. மலம்கூடக் கண்ணும் வாயும் பெற்றுப் பேசுகிறது. அராலே அதைக் குச்சியால் குத்தி மகிழ்கிறாள். இவ்வளவு தாறுமாறான உலகம் வாசகரைக் களைப்படையச் செய்யாமலிருப்பதற்கு ஓவியமே காரணம். தோரியாமா நெகிழிப் பொம்மை ஊர்திகளைக் கோத்து உருவாக்குவதில் பெருவிருப்பம் உடையவர். அவர் வரையும் வண்டி குட்டையாக, உருண்டையாக, பொம்மைபோல இருக்கும். ஆனால் அதன் திருகாணி, குழாய், சக்கரத்தின் வரிப்பள்ளம் யாவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். நிகழ்ச்சி அபத்தமானது, கோடு துல்லியமானது. இந்த முரண், சிரிப்பைத் தாங்கி நிற்கும் தரையாகிறது.

மடன்: எந்திரத்தின் நகை

எந்திர மனிதன் அறிவியல் புனைவில் பெரும்பாலும் துயரத்தோடு பிறக்கிறான். ‘ரோபோ’ என்னும் சொல்லே காரெல் சாபெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ (1920) நாடகத்தின் வழிப் பரவியது. செக் மொழியில் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஜப்பானில் ஒசாமு தெசுகா 1952இல் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ கதையில், விபத்தில் இறந்த மகனுக்கு ஈடாக ஓர் அறிவியலாளர் எந்திரச் சிறுவனைச் செய்கிறார். அவன் வளரவில்லை என்று கண்டதும் வெறுத்து, வித்தைக் கூடாரத்திற்கு விற்றுவிடுகிறார். மனிதனாக முடியாத எந்திரத்தின் ஏக்கம் அன்றிலிருந்து ஒரு மரபாயிற்று.

அராலேக்கு இந்த ஏக்கம் இல்லை. அவள் யாருக்கும் ஈடாகச் செய்யப்பட்டவள் அல்லள். எந்த வேலைக்காகவும் செய்யப்பட்டவளும் அல்லள். ஊராரிடம் சென்பே அவளைத் தம் தங்கை என்று சொல்லிவைக்கிறார். அவளும் பள்ளிக்குப் போகிறாள். ‘ரோபோவிட்டான் ஏ’ என்னும் திரவத்தைப் பாற்புட்டியில் குடிக்கிறாள். தலை கழன்று விழுந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறாள். தான் எந்திரம் என்பதில் அவளுக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. கட்டாய உழைப்பைப் பெயரிலேயே சுமந்து வந்த ஓர் உருவம், நாள் முழுதும் விளையாடித் திரிகிறது.

இவ்விடத்தில் மடன் என்னும் நிலைக்களன் பெரிதும் துணைபுரிகிறது. பேதைமை அறிவின்மையைக் குறிக்க, மடன் என்பதைப் பிறர் அறிவுறுத்தியதை அப்படியே பற்றிக்கொண்டு விடாதிருக்கும் இயல்பு என உரைமரபு வேறுபடுத்தும். எந்திரத்தின் இயல்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இராது. விளையாட்டு என்றால் அராலேக்கு அது விளையாட்டு மட்டுமே. மற்போர் விளையாட்டு அவளுக்கு மிகவும் பிடிக்கும். எதிரில் நிற்பவர் தாங்குவாரா என்ற கேள்வி அவளுக்குத் தோன்றுவதே இல்லை. காவலர் வண்டியை அவள் மோதித் தூளாக்குவது தொடர்ந்து வரும் காட்சி. காவலர்க்கு அது பேரிடர், அவளுக்கு அது அன்றைய உற்சாகம்.

அச்சம், மடம், நாணம் என்று பெண்ணுக்கு வகுத்த பண்புகளோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு வேடிக்கை தென்படும். அராலேயிடம் அச்சமும் நாணமும் அறவே இல்லை. மடன் நிறைய உண்டு. ஆனால் அந்த மடன் அவளை அடக்கவில்லை, ஊரையே அதிரவைக்கிறது. சிறுவர்க்கான இதழொன்றில் பெண்ணைத் தலைமை மாந்தராக்க முதலில் தோரியாமாவுக்கு விருப்பமில்லை; சென்பேயையே மையமாக வைத்து எழுத அவர் எண்ணினார். பதிப்பாசிரியர் கசுஹிகோ தோரிஷிமா வற்புறுத்தியதால் அராலே முன்னிலைக்கு வந்தாள். தலைப்பில் மட்டும் பழைய திட்டம் எஞ்சி நிற்கிறது.

மருட்கை: கருவிகள் படும் பாடு

புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற மருட்கையின் நான்கு நிலைக்களன்களும் சென்பேயின் பட்டறையில் பொருள்களாகவே கிடக்கின்றன. பொருள்களைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் வல்ல கதிர்த் துப்பாக்கி ஒன்று. வருங்காலத்தைப் படமெடுக்கும் கருவி ஒன்று. காலப்பயணத்திற்கென ஒரு பொறி. இவற்றுள் எதுவும் விளக்கப்படுவதில்லை. செய்யப்படுகிறது, பயன்படுத்தப்படுகிறது, கைமீறிப் போகிறது.

ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் ‘டோரேமான்’ கதைகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே எதிர்காலப் பூனையின் பையிலிருந்து வரும் கருவி, நொபிதா என்னும் சிறுவனின் ஆசையை நிறைவேற்றுகிறது. அவன் அளவு மீறுகிறான். வினை அவனையே திருப்பித் தாக்குகிறது. வியப்பு அறத்தில் போய் முடியும் அமைப்பு அது. ‘டாக்டர் ஸ்லம்ப்’ தொடரில் அறக்கணக்கு எதுவும் எழுதப்படுவதில்லை. காலப்பயணத்தில் தொல்பழங்காலத்திற்குச் சென்று கொண்டுவந்த முட்டையிலிருந்து சிறகுள்ள ஒரு குழந்தை பொரிக்கிறது. காமெரா, கோஜிரா என்னும் திரைப்படப் பெருவிலங்குகள் இரண்டின் பெயர்களையும் இணைத்து அதற்குக் கஜிரா எனப் பெயரிடுகின்றனர், செல்லப்பெயர் கட்சான். அது உலோகத்தைத் தின்கிறது. இப்படியொரு உயிரைக் கண்ட அறிவியலாளர் ஆராய்ச்சி நடத்துவார், அரசு கைப்பற்ற முயலும் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். இக்கதையில் அக்குழந்தை அன்று மாலையே வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது.

வியப்பு நீடித்தால் அச்சமாகவோ வழிபாடாகவோ திரியும். தோரியாமா அதை நீடிக்க விடுவதில்லை. சற்றேறக்குறைய பதினைந்து பக்கங்களுக்குள் முடிந்துவிடும் அத்தியாயத்தில், வியப்புக்குரிய பொருள் ஓரிரு பக்கங்களுக்குள் வீட்டுப் பாத்திரம்போலப் பழகிவிடும். தொழில்நுட்பம் அன்றாடத்தில் கரைந்துபோவதை 1980களின் தொடக்கத்தில் இவ்வளவு இயல்பாகக் காட்டிய கதைகள் மிகுதியல்ல என்றே தோன்றுகிறது.

பெருமிதம் அற்ற வலிமை

தொடர் வெளிவந்த இதழின் மரபு இங்குக் கருதத்தக்கது. நட்பு, முயற்சி, வெற்றி என்பன ‘ஷோனென் ஜம்ப்’ இதழின் முழக்கச் சொற்களாக அறியப்படுவன. வலிமை குறைந்த சிறுவன் தோழர் துணையோடு பாடுபட்டுப் பகைவரை வெல்வது அவ்விதழின் கதைகளில் மிகப் பழகிய தடம். அராலேக்குத் தோழர் உண்டு. வெற்றி எப்போதும் உண்டு. நடுவிலுள்ள முயற்சி மட்டும் இல்லவே இல்லை.

பெருமிதத்தின் நிலைக்களன்களோடு பொருத்திப் பார்த்தால் அவள் எதனுள்ளும் அடங்காள். அவளுடைய ஆற்றல் கல்வியால் வந்ததன்று. தறுகண் என்பது அஞ்சத்தக்கதைக் கண்டும் அஞ்சாமை; அஞ்சத்தக்கது ஒன்று உண்டு என்பதையே அவள் அறியாள். புகழ் அவளுக்குப் பொருட்டன்று. அவள் தரையில் ஓங்கிக் குத்த, பூமி இரண்டாகப் பிளக்கிறது. வீரக்கதையில் இத்தகைய செயல் பல்லாண்டுத் தவத்தின் இறுதியில் வரவேண்டியது. இங்கே அது சும்மா செய்து பார்த்த ஒன்று; அடுத்த அத்தியாயத்தில் பூமி ஒன்றாகவே இருக்கிறது, எவரும் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

வேற்றுக்கோளரசர் நிக்கோசான் பூமியை வெல்ல வந்து, ஊர்தியை இழந்து, திரும்பிப் போக வழியின்றித் தவிக்கிறார். அவருடைய தலைமீது பிட்டம் அமைந்திருக்கிறது என்பதைச் சொன்னால் அப்படையெடுப்பு எவ்வளவு அச்சமூட்டுவது என்பது விளங்கும். மாஷிரிதோ என்னும் தீய அறிவியலாளர் உலகை ஆள எண்ணி ‘கேரமல் மேன்’ என்னும் எந்திரங்களை வரிசையாகச் செய்து அனுப்புகிறார். நான்காவதாக, அராலேயை மாதிரியாகக் கொண்டு ஒபொச்சாமான் என்னும் எந்திரச் சிறுவன் வருகிறான். அராலேயை அழிக்கப் படைக்கப்பட்ட அவன் அவளைக் கண்டதும் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறான். நல்லொழுக்கம் மிகுந்த அச்சிறுவனுக்குச் சண்டையில் நாட்டமில்லை.

பேராற்றல் இருக்கிறது, அதனால் எவரும் ஆளப்படுவதில்லை என்பதே இவ்வுலகின் இரகசியம். அராலே விரும்பினால் பெங்குவின் கிராமத்திற்கு அரசியாகலாம். அவ்விருப்பம் அவளுக்கு வாராது என்ற உறுதி முதல் அத்தியாயங்களிலேயே வாசகருக்கு ஏற்பட்டுவிடுகிறது. வலிமையைக் கண்டால் ஒதுங்கப் பழகிய மனிதருக்கு, வலிமையின் அருகிலேயே அஞ்சாமல் அமர்ந்திருக்கும் வாய்ப்பை இத்தொடர் அளிக்கிறது. அதன் ஈர்ப்பில் பெரும்பங்கு இதற்கே உரியது.

எள்ளலும் அதன் எல்லையும்

நகையின் முதல் நிலைக்களனாகிய எள்ளலும் தொடரில் உண்டு. சூப்பர்மேனைக் கேலிசெய்யும் சுப்பாமான், உப்பிலிட்ட புளிப்புப் பழத்தைத் தின்று உருமாறுகிறார்; ‘சுப்பாய்’ என்றால் ஜப்பானிய மொழியில் புளிப்பு. பறக்கத் தெரியாத இவ்வீரர், சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு பறப்பதாகப் பாவனை செய்கிறார்.

மாஷிரிதோவின் பிறப்பு இன்னும் சுவையானது. தோ-ரி-ஷி-மா என்னும் பதிப்பாசிரியர் பெயரை அசை அசையாகத் திருப்பினால் மா-ஷி-ரி-தோ ஆகும். முகமும் அவருடையதே. வரைந்து தந்தவற்றை ‘போட்சு’, அதாவது தள்ளுபடி, என்று திருப்பியனுப்புவதில் பேர்பெற்றவர் தோரிஷிமா. காலக்கெடு நெருங்கிய வேளையில், மாற்றி வரைய நேரமில்லாதபடி, அவருடைய சாயலிலேயே தீயவனை வரைந்து தோரியாமா அனுப்பிவிட்டார் என்பது படக்கதை வட்டாரத்தில் பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆசிரியர் தம்மையும் விட்டுவைக்கவில்லை. தொடரின் இடையிடையே ஓர் எந்திர உருவமாகத் தாமே தலைகாட்டித் தம் சோம்பலைப் பகடி செய்துகொள்கிறார். எள்ளல் தன்னைவிட வலியோரையோ தன்னையோ நோக்கியிருக்கும்வரை அதில் கசப்பு சேர்வதில்லை.

எல்லாவிடத்தும் அப்படியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்பே பெண்ணுடலை ஒளிந்து பார்க்கத் துடிப்பவராகச் சித்திரிக்கப்படுகிறார். ஆசிரியை மிதோரியைப் பற்றிய காட்சிகள் பலவும் இதையே நகைப்பொருளாக்குகின்றன. பெரும்பாலும் சென்பேதான் அவமானப்படுகிறார் என்று சமாதானம் கூறலாம். ஆனால் பார்க்கப்படும் பெண்ணின் பக்கமிருந்து அக்காட்சி வரையப்படுவதில்லை. அன்றைய சிறுவர் இதழ்களில் இது வழக்கமே. வழக்கம் என்பதனால் அது நகையாகிவிடாது. அராலேயின் வெள்ளை மனமும் சென்பேயின் கள்ளப் பார்வையும் ஒரே வீட்டில் இருப்பது தொடரின் தீராத முரண். பின்னர் சென்பேயும் மிதோரியும் மணந்துகொண்டு டர்போ என்னும் குழந்தையைப் பெறும் கட்டத்தில் இத்தகைய நகை தானே தணிகிறது. தொடரின் பிற்பகுதி முற்பகுதியினும் தூய்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடரின் நிறைவும் அராலேயின் மறுவருகையும்

சிரிப்பை வாரந்தோறும் புதிதாகப் படைப்பது கடினமான உழைப்பு. வீரக்கதையில் ஒரு சண்டையைப் பல வாரங்களுக்கு நீட்டிக்கலாம். நகைக்கதையில் ஒவ்வோர் அத்தியாயத்திற்கும் புதிய கரு வேண்டும். கருத்து வற்றிய கண்டுபிடிப்பாளரைப் பற்றித் தொடர் எழுதியவர்க்கே கருத்து வற்றும் நிலை வந்தது. தோரியாமா தொடரை முடிக்க விரும்பினார். வேறொரு தொடரை விரைவில் தொடங்குவதானால் முடிக்கலாம் என்ற இசைவு கிடைத்தது. அவ்வாறே 1984ஆம் ஆண்டின் 39ஆம் இதழில் ‘டாக்டர் ஸ்லம்ப்’ நிறைவுற, அதே ஆண்டின் 51ஆம் இதழில் ‘டிராகன் பால்’ தொடங்கியது. இரண்டிற்கும் இடையே இருந்தவை சில வாரங்களே. உழைப்பே அறியாத ஒரு சிறுமியின் கதைக்குப் பின்னால் இருந்த உழைப்பின் அளவு இது.

‘டிராகன் பால்’ மெல்ல மெல்ல முயற்சியின் கதையாக, பயிற்சியின் கதையாக மாறியது. அதன் நாயகன் கோகூ ஒவ்வொரு பகைவனுக்காகவும் தன்னை வலிமைப்படுத்திக்கொள்ள வேண்டியவன். அத்தொடரின் ஒரு கட்டத்தில், பார்வையாலேயே பிறரை அசையவிடாமல் கட்டிவிடும் ஆற்றலுடைய ஜெனரல் புளூ என்னும் கொடியவன் தப்பியோடுகிறான். கோகூ துரத்துகிறான். துரத்தல் போய் முடியுமிடம் பெங்குவின் கிராமம். அங்கே கதையின் விதி மாறிவிடுகிறது. கோகூவைப் பெரிதும் இடர்ப்படுத்திய அப்பகைவனின் முன் அராலே வந்து நிற்கிறாள். அவனுடைய கொடுமையும் தெரியாது, ஆற்றலும் தெரியாது. விளையாட ஆள் கிடைத்த மகிழ்ச்சி மட்டுமே அவளுக்கு. ஒரே ஒரு முட்டு. ஜெனரல் புளூ வானத்தில் புள்ளியாகி மறைகிறான்.